ஸ்பிரிங்கிடம் கேட்டாலே கிடைக்கும்

போன சனிக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரே என் தோழி சுமதி. அவள் முன்னால் திறந்த லேப்டாப், ஆறிப்போன தோசை. முகத்தில் கலவரம்!

ஒரே ஆபீசில் ஜாவா புரோகிராமர்களாக இருந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்காக அவள் வேலையை விட்டு எட்டு வருடம். கிள்ளானில் வீடு, பள்ளி, டியூஷன், பாசார்... இப்போது திங்கட்கிழமை இன்டர்வியூ. ஜாவா புரோகிராம் எழுத உதவும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில் கேள்வி வருமாம்.

"இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஏய், மனுஷங்க பேசற மாதிரி சொல்லு லா!"

சரி. "ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமோட ஒரு துண்டு, தனக்கு வேண்டிய ஆப்ஜெக்டைத் தானே 'நியூ' போட்டு உருவாக்கிக்க வேணாம். 'எனக்கு இது வேணும்'னு கன்ஸ்ட்ரக்டர்ல சொன்னாப் போதும். ஸ்பிரிங் கன்டெய்னர் உருவாக்கிக் கையில கொடுத்திடும். அதுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். ஸ்பிரிங் பார்த்துக்கற அந்த ஆப்ஜெக்டுக்குப் பேரு பீன்."

"அதனால என்ன லாபம்?"

"டெஸ்ட் பண்றப்ப நிஜ டேட்டாபேஸுக்குப் பதிலா டம்மி ஒண்ணைக் கொடுக்கலாம். கிளாஸ்ல ஒரு வரிகூட மாத்த வேணாம்."

மடமடவென்று எழுதினாள். திடீரென்று பேனா நின்றது.

"இன்டர்வியூ பன்னெண்டு மணிக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு மணிக்கு ஸ்கூல் விடும், நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். பேசாம... வரலைன்னு சொல்லிடவா?"

"ரவிகிட்ட கேட்டியா?" ரவி அவள் கணவர்.

"கேட்டதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடவா?

அங்கேயே போன் போட வைத்தேன். ஸ்பீக்கரில்.

"ஏங்க... திங்கக்கிழமை பிள்ளைங்களை நீங்க கூட்டிட்டு வர முடியுமா?"

"ஓ, வரேனே. ஆமா... ஸ்கூல்ல எந்த கேட்?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சுமதிக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை அந்தக் கேள்வியேதான் வந்ததாம். டம்மி டேட்டாபேஸ் வரை தடுமாறாமல் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை வேலை உறுதி! ரவி? தப்பான கேட்டில் இருபது நிமிடம் நின்றாராம். பிள்ளைகளே அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று நாம்தான் எத்தனை வருடம் காத்திருக்கிறோம்! தேவையைச் சொல்லாத கிளாஸுக்கு ஸ்பிரிங்கே ஒன்றும் கொடுப்பதில்லை. கணவர்கள் எம்மாத்திரம்?

ஆனால் ஒன்று — ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இரண்டுமே!