எஸ்தர் டீச்சரும் நான் தண்ணீர் ஊற்றிய குரோட்டன்ஸும்

போன் வந்தபோது நான் மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முருகேசன்தான் பேசினான். "சார், நம்ம எஸ்தர் டீச்சர் காலையில தவறிட்டாக" என்றான். குழாயை மூடவும் தோன்றாமல் நின்றேன். டீச்சர் அருகில் இருந்திருந்தால் ஈரமான என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "நெஜச் செடிதானே சார்?" என்று கேட்டிருப்பார். இந்தக் கேள்வியின் வரலாறு தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காக மானத்தை விட்டுச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில், ஒரு டெய்லர் கடைக்கு மேல்மாடியில், நான் டுடோரியல் நடத்தினேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனிகள் வந்த சமயம். தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் பலர் பத்தாவதில் கோட்டை விட்டவர்கள். பாஸ் செய்தால்தான் வேலை நிரந்தரம். அதனால் நைட் ஷிப்ட் முடிந்ததும் காலை ஏழு மணிக்கு என்னிடம் வந்து தூங்குவார்கள். வாசல் பலகையில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. முதல் வருடம் பரீட்சை எழுதியது ஒரே ஆள், என் மனைவியின் தங்கை.

அறிவியல் நடத்த, பக்கத்திலிருக்கும் வல்லத்திலிருந்து வந்து சேர்ந்தார் எஸ்தர் டீச்சர். சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஜன்னல் வேண்டும் என்றார். மறுநாள் ஒரு தொட்டாற்சிணுங்கித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைத்தார். வகுப்பில் யாராவது தூங்கினால் அதட்ட மாட்டார். தொட்டியை எடுத்துப்போய் அவன் மூக்குக்கு நேரே வைத்து இலையைத் தொடுவார். இலை சுருங்கும். "பாரு, இதுக்குத் தொட்டா தெரியுது. உனக்கு இன்னும் டெஸ்ட் பண்ணணும்" என்பார். வகுப்பு மொத்தமும் விழித்துக்கொள்ளும்.

முதல் பாடம், உயிருள்ளவற்றின் பண்புகள். இது ஆறாங்கிளாஸ் பாடமாயிற்றே என்று நான் முணுமுணுத்தேன். "கீழ் மாடி இல்லாம மேல் மாடி எப்பிடி சார் கட்டுவீங்க?" என்றார். கீழ் மாடிக்கு நான் செய்துகொண்டிருந்த அநியாயம் அப்போது எனக்கே தெரியாது.

அன்றைக்கு முருகேசன் எழுந்தான். பரமக்குடிப் பக்கத்துப் பையன், வெல்டிங் லைனில் வேலை, அறிவியலில் இரண்டு தடவை பெயில். அவர்கள் லைனில் இருக்கும் ரோபோவுக்கு உயிர் உண்டு என்பது அவன் கட்சி. அது நகர்கிறது, கரண்டைத் தின்கிறது, காற்றை இழுக்கிறது, பொறியும் கசடும் தள்ளுகிறது, குறுக்கே கை போனால் சட்டென்று நின்றுவிடுகிறது. "எங்க சூப்பர்வைசரை விட அதுக்கு உசிரு சாஸ்தி டீச்சர்" என்றான். கைதட்டல் எழுந்தது.

டீச்சரும் ரசித்துச் சிரித்தார். பிறகு, "குட்டி போடுமா?" என்று கேட்டார்.

"ஷிப்டுக்கு எத்தனையோ கார் போடுதே டீச்சர்."

"ஆடு ஆட்டத்தான் போடும். உன் ரோபோ ரோபோவைப் போடுதா? சின்னதுல இருந்து வளர்ந்து பெருசாச்சா? அடிபட்டா தானா ஆறுதா, மெயின்டனன்ஸ் ஆளுக்குப் போன் போடறியா?"

முருகேசன் உட்கார்ந்தான். அதோடு விட்டிருக்கலாம். டீச்சர் என் அறைக்கு வந்து, மேசை மேலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். திறப்பு விழாவுக்கு ஒரு கேன்டீன் கான்ட்ராக்டர் அன்பளிப்பாகக் கொடுத்தது. சிவப்பும் மஞ்சளுமாக அவ்வளவு அழகு. தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன், நன்றாகக் குடிக்கும். நானும் பெருமையோடு பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"சார் இதுக்குத் தெறப்பு விழாவுல இருந்து தண்ணி ஊத்திக்கினு கீறாரு" என்று ஆரம்பித்தார் டீச்சர். "வளர்ந்துச்சா? ஒரு இலை பழுத்து விழுந்துச்சா? ஜன்னல் பக்கம் திரும்புச்சா? ஒரு பூச்சியாவது கடிச்சுப் பார்த்துச்சா?" ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று வகுப்பே சொன்னது. பிளாஸ்டிக். குடித்ததாக நான் நினைத்த தண்ணீர் முழுக்க மேசை ஓட்டை வழியாக, தரை விரிசல் வழியாக, டெய்லர் தலையில் இறங்கியிருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று அவர் புலம்பியபோதெல்லாம் நானும் அவரோடு சேர்ந்து வீட்டுக்காரரைத் திட்டியிருக்கிறேன்.

"அப்போ இங்க உயிர் இல்லாதது எது?" என்றார் டீச்சர்.

பின் பெஞ்சிலிருந்து முருகேசன் குரல் வந்தது: "செடியா, சாரா டீச்சர்?"

அந்த வருடம் மார்ச்சிலும் அவனுக்கு அறிவியல் போய்விட்டது. பொங்கலுக்குள் பாஸ் இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தான். என் மண்டையில் இனி ஒன்றும் ஏறாது, ஊரில் கொத்து வேலைக்குப் போகிறேன் என்றான். டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. மதியச் சுண்டலுக்காக வாங்கி வைத்திருந்த பச்சைப்பயறில் ஒரு பிடி எடுத்து அவன் கையில் வைத்து, இதற்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டார். நகரவில்லை, தின்னவில்லை, வளரவில்லை, எனவே இல்லை என்றான் அவன்.

"சும்மா கெடக்கறது வேற, செத்துக் கெடக்கறது வேற முருகேசா. தண்ணி காட்டாம எப்பிடிச் சொல்லுவ? ஈரத் துணியில கட்டி வெச்சு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாந்து காட்டு. அப்புறமா ஊருக்குப் போ."

இரண்டு நாள் கழித்து வந்தான். துணியில் வெள்ளை வாலோடு ஏழெட்டுப் பயறுதான் இருந்தது. மிச்சத்தை ரூமில் இருந்தவர்கள் தேங்காய் போட்டுத் தின்றுவிட்டார்களாம். ஊருக்குப் போகிற பேச்சை அவன் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்டோபர் பரீட்சையில் உயிருள்ளவற்றின் பண்புகளை விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. படித்ததெல்லாம் மறந்து அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தானாம். பிறகு என் குரோட்டன்ஸ் நினைவுக்கு வந்திருக்கிறது. அது எதையெல்லாம் செய்யவில்லையோ, அதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டான். மயிரிழையில் பாஸ். நிரந்தரமும் ஆனான். இனிப்புப் பெட்டியோடு வந்தவன் டீச்சருக்கு முதலில் கொடுத்தான், அடுத்த துண்டைக் குரோட்டன்ஸ் முன்னால் வைத்தான். எனக்கு மூன்றாவது இடம்.

டுடோரியலை மூடியபோது அந்தச் செடியை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன வாரம் வல்லத்தில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது, அவர் மகள் அதை என் கையில் கொடுத்தாள். "அம்மா சாருக்குத் தரச் சொன்னாங்க. தொடச்சா போதுமாம்" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில், இன்று சூப்பர்வைசராக இருக்கும் முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இந்த ஒரு தொட்டியும், பயறை வைத்து அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமும்தான். தொட்டி என் மேசையில் இருக்கிறது. இருபது வருடத்தில் ஒரு இலை கூடவுமில்லை, குறையவுமில்லை. நேற்றுக் காலை அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். வழக்கம்போல் கீழே ஒழுகியது, நானே துடைத்தேன். என் மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தண்ணி காட்டாமல் எப்படிச் சொல்வது?