சயாமா வீட்டுத் தமேன்கள்

யாங்கோன் நகரத்தின் கியாக்டடா பகுதியில் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு ஒரு வெள்ளைக்காரம்மா குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. இங்கிலாந்தில் முப்பது வருஷம் திரைச்சீலைக்கும் தேநீர்க் கோப்பைக்கும் பூ வரைந்து கொடுத்தவராம். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. இனி சொந்தப் பெயரில்தான் வரைவேன் என்று கிளம்பிப் பர்மாவுக்கு வந்துவிட்டார். டீச்சரம்மாவைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரைச் சயாமா என்றார்கள். எனக்கு அவர்மீது கொள்ளை ஆசை. பள்ளி விட்டால் நேரே நான்காம் மாடிதான்.

தம் முதல் கண்காட்சிக்காக, கட்டடத்துப் பெண்களிடம் கட்டிப் பழசான தமேன் கேட்டார் சயாமா. இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி அது. அதன்மேல் சாயத்தால் வரையப்போவதாக என்னிடம் மட்டும் சொன்னார். தூரிகை துடைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அத்தை கையை விரித்துவிட்டாள். நம் வீடு மட்டும் விட்டுப்போகலாமா? பெட்டியின் அடியில் கிடந்த அம்மாவின் பச்சைத் தமேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. யாருக்கும் வேண்டாத துணி என்பது என் எண்ணம்.

கட்டிய தமேனுக்கு அடியில் போனால் ஆணின் மகிமை போய்விடும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சயாமாவுக்குத் தெரியவில்லை. வரைந்து முடித்து, கண்காட்சியன்று தம் வீட்டுக் கூடத்தின் குறுக்கே, தலைக்கு மேலே கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொடுத்தவளே நான்தான். வெள்ளைக்காரர் வீட்டில் அதெல்லாம் செல்லாது என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

அன்று மாலை வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஆண்கள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பெண்களோ தங்கள் பழந்துணி ஊரறியத் தொங்குவதைக் கண்டு கூனிக்குறுகினார்கள். சயாமா சமூசாத் தட்டோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அவ்வளவு மோசமாவா வரைஞ்சிருக்கேன்?" என்று அரைகுறைப் பர்மியில் என் காதில் கேட்டார்.

அப்போதுதான் வேலையிலிருந்து அப்பா வந்தார். பால்கனியில் அத்தையின் தமேன் காய்ந்தால் நாலடி தள்ளிப் போகிற மனிதர். வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். பச்சைத் தமேனில் அம்மா இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிய தழும்பு இருந்தது. அதைச் சுற்றிச் சயாமா வெள்ளைப் பூக்கள் வரைந்திருந்தார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று சயாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"அண்ணே, உள்ளாற போவாத! தலைக்கு மேல தமேன் தொங்குது பாரு!" என்றாள் அத்தை.

"தெரியுது" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார் அப்பா.

நேரே போய்ப் பச்சைத் தமேனுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்த்தள டீக்கடைக்காரர் உள்ளே வந்தார். அவர் பின்னால் மற்றவர்கள். கூடம் நிறைந்து, சயாமா நடக்க இடமில்லாமல் தட்டோடு திண்டாடினார். அப்பா மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

எனக்கு ஒரு திட்டுக்கூட விழவில்லை. அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்த சந்தோஷத்தில் மூன்று சமூசா தின்றேன்.