சந்தேகம் வந்தால் நிறுத்தும் அண்ணி

அண்ணியை நாத்தனார் புகழ்ந்தால் யாரும் நம்புவதில்லை. ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? என் அண்ணனா? அவனுக்குச் சட்டையில் பட்டன் அறுந்திருப்பதே அடுத்தவர் சொன்னால்தான் தெரியும்.

அண்ணி மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறார். குழந்தைகளுக்கான இருமல் மருந்து பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் பளீரென்று விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் பார்த்து, தூசியோ கீறலோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட்டையே நிறுத்தலாம். மற்றவர்கள் சூப்பர்வைசர் முறைப்பாரே என்று தயங்குவார்கள். அண்ணி தயங்கவே மாட்டார். "அவர் முறைச்சா முறைச்சிட்டுப் போறாரு. குடிக்கப்போறது குழந்தை" என்பார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'ஸ்டாப்'.

அந்த ஸ்டாப்புக்குத்தான் ஷிஃப்ட் மேனேஜராக வேண்டும் என்று ஆசை வந்தது. டிகிரி இருந்தது, எம்.பி.ஏ. கேட்டார்கள். நுழைவுத் தேர்வில் சொன்ன மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் கம்பெனியே செலவு செய்து மாலைக் கல்லூரியில் படிக்க வைக்கும். ஆனால் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அண்ணிக்கு அடுத்த வருடம் நாற்பது முடிகிறது. ஆக, இந்த ஒரு தடவைதான். விட்டால் ரிட்டையர் ஆகும் வரை பெல்ட் முன்னால்தான் நிற்க வேண்டும்.

கோச்சிங் வகுப்பு நேரம் ஷிஃப்ட்டுக்கு ஒத்துவரவில்லை. "நானே படிச்சிக்கிறேன்" என்றார். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார் என்று பார்த்தால், ஒரு எழுத்துகூடப் படிக்காமல் முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுத உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணி, சமைக்காமலே பரிமாறுறீங்க?"

"எங்க ஓட்டைன்னு தெரியாம எதைப் போயி அடைக்கிறது?"

தப்பான விடைகளை மூன்றாகப் பிரித்தார். தெரியாதது, தெரிந்தும் கவனக்குறைவால் போனது, நேரம் போதாமல் விட்டது. தெரியாத கணக்குகளை அதிகாலைக்கு வைத்தார், தலை தெளிவாக இருக்கும் என்று. பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் பகுதி பஸ் பயணத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முழுத் தேர்வு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நடுவில் ஒரு வாரம் மட்டும் காலியாகக் கிடந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "வீட்ல யாருக்காவது காய்ச்சல் வரும்ல?" என்றார். சொன்னபடியே அண்ணனுக்கு வந்தது. கொடுத்துவைத்தவன், அவனுடைய காய்ச்சலுக்குக்கூட இடம் ஒதுக்கிய பெண்டாட்டி!

முதல் இரண்டு குவியலும் மளமளவென்று கரைந்தன. மூன்றாவது அசையவே இல்லை. இந்தத் தேர்வில் கேள்விகள் திரையில் ஒவ்வொன்றாக வரும். கடந்துபோனதற்குத் திரும்ப முடியாது. அண்ணிக்கோ ஒரு கேள்வியில் துளி சந்தேகம் இருந்தாலும் நகர மனசு வராது. முடிவில் ஏகப்பட்ட கேள்விகள் பார்க்கப்படாமலே நின்றுவிடும். தப்பாகப் பதில் சொல்வதைவிட, சொல்லாமல் விட்டால் மதிப்பெண் கூடுதலாகக் குறையுமாம்.

நான் பஸ் கண்டக்டர். விசிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் அதிகாலையில் ஒரு கேள்விக்கு ஒரு விசில்; ஊதினால் அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிட வேண்டும்.

"இரு, இன்னும் ஒரு வரிதான்."

"அந்தக் கேள்வி என்ன, உங்க மாமனா மச்சானா? விட்டுட்டு வாங்க அண்ணி! ஓடி வர்ற ஆளுக்கெல்லாம் நின்னா வண்டி டிப்போவை விட்டே கிளம்பாது."

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். போகட்டும், அவர் வீட்டில் யார் பரீட்சை எழுதுகிறார்கள்? மதிப்பெண் ஏறியது. கம்பெனி கேட்ட மதிப்பெண் கோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டியேவிட்டார். நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், சாயங்காலம் வர வேண்டிய அண்ணி இருட்டிய பிறகு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு பாட்டில்ல ஏதோ இருந்த மாதிரி தெரிஞ்சுது. கை பொத்தானுக்குப் போகல. அடுத்ததைப் பாத்துட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல மனசு கேக்கல. பெல்ட்டை நிறுத்திட்டு நானே சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொன்னேன். அதுவரைக்கும் கட்டின பெட்டியை எல்லாம் பிரிச்சுப் பாத்தேன். பாட்டிலுக்கு வெளிய ஒட்டியிருந்த தண்ணித்துளி, அவ்வளவுதான்."

"அப்ப ஒண்ணும் இல்லைல்ல!"

"ஒண்ணும் இல்லைன்னு பிரிச்ச பிறகுதானே தெரிஞ்சுது?" என்று என்னைப் பார்த்தார். "காலையில உன் விசிலைக் கேட்டுட்டு நேரா வேலைக்குப் போறேன். அந்த அவசரம் கையிலயே ஒட்டிக்கிச்சு."

பேனாவை எடுத்தார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளில் அதிகாலை என்று எழுதியிருந்ததை எல்லாம் மேலிருந்து கீழே அடித்தார். இனி வேலை முடிந்து வந்த பிறகுதான் படிப்பு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"பரீட்சைக்கு மாசம்கூட இல்ல. இருக்கிறதே அந்த நேரம்தான், அதையும் தூக்கிப் போடுறீங்க. சாயங்காலம் கண்ணு சொருகிக்கிட்டு வருவீங்க, என்னத்தைப் படிப்பீங்க?"

"தெளிவா இருக்கிற தலை வேலைக்குத்தான் போகணும். மிச்சம் இருக்கிறதை வச்சுப் படிச்சிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு மதிப்பெண் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சாயங்காலம் விசில் ஊதும்போது அண்ணியின் தலை மேஜையில் சாய்ந்திருக்கும்; நிமிர்ந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை. நானாக இருந்தால் அந்தத் தண்ணித்துளியை மறந்துவிட்டு அதிகாலையில் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது மதிப்பெண் ஏறிய நாட்களில் அல்ல, இறங்கிய அந்த வாரங்களில்தான்.

தேர்வு நாளன்று நான் லீவு போட்டுவிட்டு மையத்தின் வாசலில் காத்திருந்தேன். முடிந்த உடனேயே மதிப்பெண் திரையில் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் அண்ணி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போனாப் போகுது அண்ணி..."

"தாண்டிட்டேன்டி."

நான் போட்ட கூச்சலில் வாசல் காவலாளி ஓடி வந்தார். கட்டிப்பிடித்தேன், அழுதேன், என்னென்னவோ உளறினேன். அண்ணி சிரிக்கவில்லை.

"எவ்வளவு தாண்டினீங்க?"

"கொஞ்சூண்டு. எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டேன். அஞ்சாறு குருட்டாம்போக்குல போட்டது."

"அதுக்கு எதுக்கு அழுகை?"

"ஆறு பேர் வட்டமா உக்கார்ற கணக்கு ஒண்ணு வந்துச்சு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரக் கூடாது. அது எனக்கு வரும்டி. நேரம் போயிடும்னு ஏதோ ஒண்ணைத் தட்டிட்டு வந்துட்டேன்."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பேனா இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். கைப்பையைத் துழாவி ஒரு பழைய ரசீதை எடுத்து, நிறுத்தத்துக் கம்பத்தின்மேல் வைத்து, பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். ஆறு புள்ளிகள் வைத்தார். அடித்தார், மறுபடி எழுதினார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. என்னோடு வேலை பார்க்கும் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்ன, ஏறலையா?" என்றார்.

"நீ போ. அண்ணி கணக்குப் போட்டுட்டிருக்காங்க."