அவசரத்துக்கும் எனக்கும் இடையில் ஒரு மூச்சு

பிறருடைய அவசரத்தைத் தன்னுடையதென்று எண்ணாதிருப்பதே மருத்துவிச்சித் தொழிலில் பாதி வேலை. கூப்பிட்ட குரலுக்கு ஓடியே பழகிய வாசகர்கள் என் பாடு என்னவென்று அறிவார்கள். அன்று காலை எட்டு மணி. மார்கழி மழை ஓய்ந்து, மட்டக்களப்பு வாவியின்மேல் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது.

துறையில்

வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து கந்தப்பன் என்ற உழவர் ஓடிவந்தார். அவருடைய மனைவி மாரிக்கு முதற்பிரசவம். வயிற்றிலே குழந்தை தலை மேலும் கால் கீழுமாக இருப்பதை நான் முன்னரே பார்த்துக் கவலைப்பட்டிருந்தேன். "கெதியா வாங்க மிஸி!" என்று, மருத்துவிச்சியை அவ்வூரார் அழைக்கும் பெயரால் அவர் அலறியதும் என் கால்கள் துறைக்கு விரைந்தன. படகில் ஏறப்போகையில்தான், ஓடுவது கந்தப்பனின் பதற்றமே தவிர நானல்ல என்பதைக் கவனித்தேன். நின்று, ஒரு மூச்சு விட்டு, கையைப் பார்த்தேன். குடை இருந்தது, மருந்துப்பை வீட்டில் இருந்தது.

படகோட்டி இபுறாகீம் காக்கா துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "கொடயாலயா மிஸி புள்ள எடுக்கப் போறீங்க?"

திறந்த வீடு

பிரசவ வீட்டில் எதுவும் மூடியிருக்கலாகாது என்பது அவ்வூர் வழக்கம். பெட்டிகள், பூட்டுகள், பானைகள் யாவும் திறந்து கிடந்தன. கட்டு எதுவும் இருக்கக்கூடாதென்று பசுவையும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது அயலவரின் வட்டையில் இறங்கி, இளம்பயிரை மேய்ந்துகொண்டிருந்தது. அயலவர் வாசலில் நின்று ஏச, மாரியின் தாய் பதிலுக்கு ஏச, இருவரையும் ஏசுவதற்கு என் நாவும் எழுந்தது. காது சூடேறுவதை உணர்ந்தேன். ஏசலாம், ஏசாமலும் விடலாம். நான் உள்ளே போய், திரும்பிப்போய் எடுத்துவந்த என் மருந்துப்பையை அகலத் திறந்து வைத்தேன்.

அந்த அம்மா உடனே சண்டையை நிறுத்திவிட்டு அயலவருக்குக் காட்டினார்: "பாருங்க கா, கொழும்பில படிச்ச மிஸிக்கும் முறை தெரியிது!"

பாயில் கிடந்தவள்

குழந்தை திரும்பவில்லை. இதயத்துடிப்பு நன்றாகவே இருந்தது. உடனே புறப்பட்டால் நகர ஆஸ்பத்திரியை அடைந்துவிடலாம். ஆனால் வாவியில் அலை எழும்பியிருந்தது.

"எங்கட குடிப் புள்ள இந்த வீட்டிலதான் பொறக்கணும்," என்றார் தாய்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் மாமி!" என்றார் கந்தப்பன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "படகில் ஏற்றுங்கள்" என்ற கட்டளை என் உதட்டுவரை வந்துவிட்டது. அதையும் ஒரு மூச்சுக்கு நிறுத்தினேன். அப்போதுதான், எங்கள் மூவரில் ஒருவரும் மாரியின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பாயருகே அமர்ந்து, வீட்டிலுள்ள ஆபத்தையும் அலையிலுள்ள ஆபத்தையும் ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். வீட்டில் இருப்பதே பெரிய ஆபத்தென்று என் எண்ணத்தையும் சொல்லி, "நீ என்ன சொல்லுகிறாய், மனே?" என்று, பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

வலி தணியும்வரை கண்ணை மூடிக்கிடந்துவிட்டு அவள் சொன்னாள்: "போவம் மிஸி. அம்மாவும் வரட்டும். இவர் வேணாம்; படகில கத்துவார்."

மறுநாட் காலை

மாரி, முந்தின மாலை கால் முன்னே வைத்துப் பிறந்த மகளை அணைத்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உறங்கினாள். அவளுடைய தாய், ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லையென்று தாதியரிடம் முறையிட்டார். இபுறாகீம் காக்கா படகில் தேங்கிய நீரை இறைத்துவிட்டு இறால் பிடிக்கப் போனார். கந்தப்பன் விடிவதற்கு முன்பே அக்கரைத் துறையில் வந்து நின்று, இக்கரைக்குக் கேட்கும்படி மகளின் நலம் விசாரித்தார். நானோ, அன்று யாரும் அவசரப்படுத்த வராததால், என்னை நானே அவசரப்படுத்திக் கொதிக்கும் தேநீரில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.