கடல் பக்கத்துக்கு ஓர் ஆள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டுக் கொடியில் அப்பாவின் சேட்டுகள் காயும். அப்பா இல்லாமல் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் உடுக்காத அந்தச் சேட்டுகளை அம்மா அலுமாரியிலிருந்து எடுத்து, சவுக்காரம் போட்டுக் கசக்கி, நீலம் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, மடித்து மீண்டும் அதே தட்டில் அடுக்குவார். ஒழுங்கையால் போகிறவர்கள் கொடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். யாராவது கேட்டுவிட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: மனுசன் வந்து நிற்கும்போது உடுக்க ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாது.

அப்பாவும் சித்தப்பாவும் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை செய்தவர்கள். ஒரு நாள் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவில் எல்லே என்னும் பந்தாட்டம் ஒன்றை முடித்துவிட்டு, பொழுதுபட முன்னர் இருவரும் ஒரு சின்ன வள்ளத்தில் திரும்பினார்கள். நடுக்குடாவில் காற்றடித்து வள்ளம் கவிழ்ந்தது. சித்தப்பா கரை சேர்ந்தார். அப்பா சேரவில்லை. முதல் அலையிலேயே இருவரும் பிரிந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு அண்ணையைத் தான் காணவே இல்லை என்றும் சித்தப்பா சொன்னார். பொலிசுக்கும் அதைத்தான் சொன்னார், அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார். பத்து நாள் வள்ளங்கள் தேடின. எங்கள் துறைமுகத்தின் ஆழம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினோராம் நாள் வள்ளங்கள் தம் வேலைக்குத் திரும்பிவிட்டன.

ஆனால் அன்று மாலை ஒரு வெளிநாட்டுக் கப்பல் குடாவை விட்டு வெளியேறியதைப் பலர் கண்டிருந்தார்கள். அம்மா அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார். அதிலுள்ளவர்கள் அப்பாவைத் தூக்கியிருப்பார்கள். பாஷை விளங்காத ஏதோ ஒரு ஊரில் இறக்கியிருப்பார்கள். அங்கிருந்து வர நாட்கள் எடுக்கும்தானே. அதனால் எங்கள் வீட்டில் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி நடக்கவில்லை. அம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்தது. துறைமுகத்தில் கப்பல் கூவினால் குசினியில் சத்தம் எல்லாம் நின்றுவிடும். இரண்டாம் முறை கூவும்வரை அம்மா மூச்சுக்கூட விடுவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

பாண் வாங்கக் கடை வாசலில் விடியவே வரிசையில் நின்ற காலம் அது. அந்த வருடம் எங்கள் ஒழுங்கையின் எல்லேக் கழகத்துக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது. எல்லே பெரிய சூத்திரம் எதுவும் இல்லாத விளையாட்டு. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி ஓடி வரவேண்டும். அடித்த பந்தை மற்றப் பக்கத்தார் ஏந்திப் பிடித்தாலும் அவுட், ஓடும்போது பந்தால் முதுகில் வாங்கினாலும் அவுட். ஆண்டு நிறைவுக்கு என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டபோது சித்தப்பா எழுந்து, கழகத்தில் இதுவரை ஆடிய அத்தனை பேரிலும் சிறந்த பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுப்போம் என்றாராம். இருக்கிறவர், இல்லாதவர் என்ற பேதம் வேண்டாம். எல்லாக் காலத்துக்குமான ஓர் அணி.

பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. அவருடைய கையெழுத்து அவருக்கே விளங்காது. ஆகவே எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒன்பது வயதில் நான்காம் வகுப்பில் அழகான எழுத்துக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். நான்கு மாதம், பின்னேரங்களில், சித்தப்பாவின் சைக்கிள் பாரில் கொப்பியும் கையுமாக இருந்து பழைய ஆட்டக்காரர்களின் வீடு வீடாகப் போனேன்.

ஒரு நாட்டுக்கு மந்திரிசபை அமைக்கக்கூட அவ்வளவு கதை நடந்திருக்காது. சல்லியிலிருந்து வந்து ஆடிய மீன்காரர் அடித்த ஒரு பந்து எவ்வளவு தூரம் போனது என்பதில் இரண்டு பேர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் காக்கா ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டினால் அவரைப் பந்தால் எறிந்து பிடிக்க ஆளில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். தபால்காரரைச் சேர்க்கக் கூடாது, அவர் அடிக்கும்போது பாட்டுப் பாடுவார் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். செத்துப்போனவர்களுக்குப் போட்டி குறைவாக இருந்தது. அவர்கள் அவுட் ஆனதாக ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் வாதமே இல்லை. எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் கடல். பந்து தண்ணீருக்குள் போகாமல் மறிக்க அந்தக் கரையில் ஓர் ஆள் நிற்கவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சித்தப்பா கடைசியாக, "கடல் பக்கம்?" என்று கேட்பார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவின் பெயரைச் சொல்வார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு நிலத்தைப் பார்ப்பார்கள். கண்பார்வை போன ஒரு பழைய ஆட்டக்காரர் மட்டும், நான் இருப்பது தெரியாமல், "அவன் இப்பவும் கடல் பக்கம்தானே நிக்கிறான்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. சித்தப்பா சைக்கிளை எடுத்தார். வீடு வரும்வரை மிதிக்கவில்லை, உருட்டிக்கொண்டே வந்தார்.

பட்டியலை நல்ல தாளில் எழுதும் நாள் வந்தது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் ஒருவர் சித்தப்பா. மற்றவர்கள் அவரை வற்புறுத்திச் சேர்த்திருந்தார்கள். மிச்சம் ஐந்து பேரில் நான்கு பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். அதன் பொருள் எனக்குத் தெரியாது. மிகப் பெரிய ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பட்டம் என்று நினைத்தேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் அது இல்லை.

"அப்பாவுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

"உங்கட அம்மா ஓம் எண்டால் போடலாம்" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். கேட்காமலே எழும்பிப் போனார். அம்மாவிடம் ஒரு பட்டம் கேட்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மற்ற நான்கு பேருக்கும் இருக்கிற மரியாதை என் அப்பாவுக்கு இல்லாமல் போவதா? தாள் என்னிடம்தான் இருந்தது. நானே எழுதினேன், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக. சித்தப்பா பார்த்தார். அவர் அழிக்கவில்லை. பேனையை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார்.

ஆட்டத்தன்று எல்லாக் காலத்துக்குமான அணியும் கழகத்தின் இளைஞர் அணியும் மோதுவதாக ஏற்பாடு. இல்லாத ஐந்து பேரும் அவரவர் இடத்தில் நிற்கவேண்டும் என்பது சித்தப்பாவின் எண்ணம்: கம்பு நட்டு, குறுக்கே ஒரு தடி கட்டி, அவரவர் சேட்டை மாட்டிவிடுவது. நான்கு வீடுகளிலும் மனைவிமார் சேட்டுத் தந்தார்கள். ஒருவர் பையினுள் செபமாலை வைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுபோனேன். அம்மா அரிசி வாங்கச் சங்கக்கடைக்குப் போயிருந்த நேரம் அலுமாரியைத் திறந்து, வெள்ளையில் நீலக்கோடு போட்டதை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு வருடமாக ஒருவரும் உடுக்காத அந்தச் சேட்டு என் வயிற்றில் சூடாக இருந்தது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதம். மைதானத்தில் ஐந்து சேட்டுகளும் ஏறியதும் சனம் சிரித்தது. "அண்ணை, கவனம்" என்று பொடியன்கள் அவற்றைப் பார்த்துக் கத்தினார்கள். அப்போது காற்று பிடித்தது. ஐந்து சேட்டுகளுக்குள்ளும் நெஞ்சு வந்தது. ஐந்து சேட்டுகளின் கைகளும் ஒரே நேரத்தில் எழும்பிக் கடலைக் காட்டின. சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்ல ஏலாது. பிறகு ஒருவரும் அவற்றுக்கு முதுகு காட்டி நிற்கவில்லை.

இளைஞர் அணி அடித்தது. முதல் நல்ல அடி உயரப் போய், வளைந்து, கடல் பக்கம் இறங்கி, அப்பாவின் சேட்டு நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. நடுவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார். அவுட். அடித்தவன் தடியை வைத்துவிட்டுப் போனான். அடுத்தவன் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்து அடித்தான். அந்தப் பந்தும் திரும்பி அங்கேயே வந்து, உருண்டு, கம்பின் அடியில் நின்றது. கச்சான் எல்லாப் பந்தையும் கடலுக்குத் தள்ளும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அங்கே நின்ற பெரியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் ஒருவரும் போய் அந்தப் பந்தை எடுக்கவில்லை.

நான் ஓடினேன். சேட்டின் கீழ் குனிந்து பந்தை எடுத்தேன். காற்றில் ஒரு கை என் தலையில் பட்டுப் பட்டு விலகியது. ஓடிக்கொண்டிருந்தவனைக் குறிவைத்து எறிந்தேன். நடுமுதுகில் பட்டது. மைதானமே கத்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

கத்தல் பாதியில் நின்றது. அம்மா வந்துகொண்டிருந்தார். சங்கக்கடைச் சுவரில் பட்டியலின் பிரதி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். என் அழகான எழுத்தை அங்கே வாசித்துவிட்டு, கையில் அரிசிப் பையோடு நேரே வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சேட்டின் முன்னால் வந்து நின்றார்.

"இதை ஆர் எடுத்தது?"

சித்தப்பா அருகில் வந்திருந்தார். "நான்தான் எடுத்தனான், அண்ணி."

"உயிரோட இருக்கிற மனுசன்ட சேட்டை ஏன் தம்பி செத்த ஆக்களோட நட்டு வைச்சிருக்கிறீங்கள்?"

சித்தப்பா இன்னும் கிட்ட வந்தார். பிறகு சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"நான் பிடிச்சு வைச்சிருந்தனான், அண்ணி. கை வழுவிப் போச்சு."

சேட்டின் கை அம்மாவின் தோளில் விழுவதும் எழும்புவதுமாக இருந்தது. பிறகு கேட்டார்:

"எவ்வளவு நேரம்?"

"வெளிச்சம் போகுமட்டும்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அம்மா அரிசிப் பையை மணலில் வைத்தார். கம்பின் அடியில் இருந்தார். "விளையாடி முடியுங்கோ" என்றார். யாரும் நகராதபோது இன்னொரு முறை சொன்னார். அப்படித்தான் அந்த ஆட்டம் முடிந்தது. சத்தமில்லாமல், அம்மா கடலைப் பார்த்தபடி இருக்க, பந்துகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் உருண்டு வர. சேட்டுத் தந்த மற்ற நான்கு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். பொழுது பட்டுப் பந்து தெரியாமல் போன பிறகுதான் அம்மா எழுந்தார். அந்த மாதமே சித்தப்பா தலை மழித்து அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார்.

சித்தப்பாவும் அம்மாவும் பேசிய அந்த நான்கு வசனத்தில் எல்லே ஆட்டம் பற்றி ஒன்றுமே இல்லை என்று விளங்க எனக்கு வருடங்கள் பிடித்தன. பதினொரு பேருக்காக நான்கு மாதம் வீடு வீடாக அலைந்தவர், மிஞ்சிய ஒருவரைப் பற்றி ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாமல்தான் அலைந்தார் என்பதும் பிறகு விளங்கியது.

அன்றைக்கு அம்மாவின் பின்னால் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த எனக்குச் சித்தப்பாவில் கோபம்தான் இருந்தது. எவ்வளவு நேரம் ஆட்டம் என்று அம்மா கேட்டார், அவர் சரியாகச் சொன்னார், அது பரவாயில்லை. ஆனால் அதற்கு முதல், கை வழுவிப் போச்சு என்று ஏன் பொய் சொன்னார்? நான் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவர் பக்கம் வந்த பந்துகளில் ஒன்றைக்கூட அவர் வழுவ விடவில்லை.