பேர் சொல்லாமல் கூப்பிட்டேன்

பிறப்பு, சாவு பதியும் பிரெஞ்சுக்காரன் மேரிக் கச்சேரியில் குமாஸ்தா புருஷன் பேரைக் கேட்டால் நான் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். யாராவது சொல்வார்கள். "ஏம்மா, ஒனக்கு வாயி இல்லியா?" என்று அவர் எரிந்து விழுவார். விழட்டும். கட்டிய புருஷன் பேரை நான் சொன்னதே இல்லை. பர்வதமலையில் அவர் காணாமல் போன அன்றைக்கும் சொல்லவில்லை.

தை அறுப்பு முடிந்த கையோடு, ஒரு வேண்டுதலுக்காகக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டோம். பிரெஞ்சு எல்லைச் சாவடியில் மூட்டைகளை அவிழ்த்துக் காட்டிவிட்டு மூன்றாம் நாள் மலையடிவாரம் சேர்ந்தோம். உச்சியில் சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது பனி வந்து மூடிக்கொண்டது. அவர் முன்னால் போகிறார் என்று நானும், பின்னால் வருகிறார் என்று அவருடைய அண்ணனும் நினைத்துக்கொண்டோம். அடிவாரத்தில் எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது. அதற்குள் இருட்டிவிட்டது.

விடிந்ததும் அவருடைய அண்ணன், ஊர்க்காரர்கள் மூன்று பேர், அந்த மலையில் விறகு வெட்டும் ஒருவர் என்று ஐந்து பேர் தேட ஏறினார்கள். பொம்பளை வேண்டாம் என்றார்கள். நான் பின்னாலேயே ஏறினேன். மாறி மாறி அவர் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். பாறைதான் திருப்பிக் கத்தியது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் விறகுவெட்டி நின்று தலையை ஆட்டினார்.

"இவ்ளோ கூப்புட்டும் கொரல் வரலன்னா, ஆளு இல்லீங்க."

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எறங்கலாம்மா" என்றார் என்னிடம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மலை மேல், சாமி மேல், எல்லாரையும்விட அந்த மனுஷன் மேல். வரப்பு வெட்டும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் இப்படித்தான், பத்து தரம் கத்த வைப்பார். கணவரின் அண்ணன் எதிரில் குரல் உயர்த்தி அறியாதவள் நான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"இந்தாய்யா! கஞ்சி ஆறிப்போவுது! வர்றியா, நாய்க்கு ஊத்தட்டுமா?"

கீழே எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"ஊத்திடாதடி! காலு பெசகிப்போச்சி, இங்கதான் கெடக்கறன்!"

ஒரு பாறை இடுக்கிலிருந்து அவரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஒன்று வைத்தார்.

"காலைலேர்ந்து கத்தறமேடா, காது இன்னா செவுடா?"

"எல்லாம் கேட்டுதுண்ணா. முனி பேரச் சொல்லித்தான் கூப்புடும், பதில் குடுத்தா இட்டுக்கினு பூடும்னு அம்மா சொல்லுமே. ஒங்கொரல்லயே கூப்புட்டுது. காதப் பொத்திக்கினு படுத்துட்டேன். கஞ்சிக்குக் கூப்புட முனிக்கு இன்னா தெரியும்?"

ஐந்து ஆண்களும் அரோகரா போட்டார்கள். இந்தத் தடவை பாறை திருப்பிக் கத்தியது எனக்கு இனித்தது. அவரை அண்ணன் முதுகில் சுமந்துகொண்டார். இறங்கும்போது முள்ளை ஒதுக்கி வழிவிட்டு நான்தான் முன்னால் நடந்தேன். யாரும் பொம்பளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டியில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "கஞ்சி எங்கடி?"

முந்தின நாளிலிருந்து நான் அடுப்பே மூட்டவில்லை. மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தேன். அது கொதிக்கும்வரை அழுதுகொண்டே சிரித்தேன்.