ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்றடித்தவன்

என் மாடியறையில் ஏழு பழைய கணினிகள் இருக்கின்றன. எதுவும் ஓடாது. நான் அதைச் சேகரிப்பு என்பேன். என் மனைவி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது. ஆனாலும் ஓசூரில் எங்கள் தெருக்காரர்கள் பழைய பெட்டியைத் திறக்க என்னிடம்தான் வருவார்கள். கடைக்காரர் புதிது வாங்கச் சொல்வார், நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன்.

போன வருடம் எட்டாவது வந்தது. என்னோடு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வார்க்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து, மாரடைப்பில் போய்விட்ட நண்பனுடையது. அவன் போனபோது மகளுக்கு இரண்டு வயது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். திருநெல்வேலிக் குடும்பம். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் கேட்டும் அவன் மனைவி தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

"அண்ணே, புள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்து அத இதுல பதிஞ்சு வச்சிருந்தாவ. அப்பா சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கா. அவளுக்கு ஞாபகமே இல்ல பாத்துக்கிடுங்க."

வேறெங்கும் அவன் குரல் இல்லை. அவன் காலத்துப் போன் பேசுவதற்கு மட்டும்தான்.

திறந்தால் உள்ளே கம்பளிபோல் தூசி. ரேம் என்னும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். திரை எரிந்தது. மகள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு ஒலிப்பதிவு. அந்த நிமிடமே நகலெடுத்திருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் இருந்த மின்விசிறி அலறியது. பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து அணைத்தேன். முதலில் சுத்தம், பிறகு நகல்.

எங்கள் தொழிற்சாலைக்காரர்களின் புத்தி அது. எதையும் காற்றடித்துவிட்டுத்தான் தொடுவோம். இயந்திரம், சட்டை, தலைமுடி, சாப்பாட்டு மேசை. தெருமுனை லேத் பட்டறையில் காற்றுக்குழாயை வாங்கி அடித்தேன். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அப்படியானால் அடைப்பு இருக்கக் கூடாது என்று பொருள் கொண்டு, அதற்குள்ளும் இரண்டு முறை அடித்தேன். வாழ்நாளெல்லாம் புத்தகம் படித்தவன் ஒரு வரியைப் படித்த லட்சணம்.

பட்டறைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும். மறுபடி மாட்டியபோது டிக், டிக் என்றது, அவ்வளவுதான். பெங்களூரில் இதற்கென்றே இருக்கும் ஒரு கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு, தகட்டில் எண்ணெய் படிந்திருக்கிறது, ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள்.

பழசு, தானாகச் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொய்யைப் பல விதமாக ஒத்திகை பார்த்தேன். அவர்கள் வீட்டில் உட்கார்ந்ததும், "கெடுத்தது நான்தாம்மா" என்றுதான் வாயில் வந்தது.

"நல்லதுக்குத்தான அண்ணே செஞ்சிய" என்றாள் அவன் மனைவி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "மாமா, நீங்க அப்பாகூட ஒம்பது வருஷம் இருந்தீங்கல்ல? அவரு மாதிரி ஒருதடவ பேசிக் காட்டுங்க" என்றாள்.

பிரஸ் ஷாப் இரைச்சலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எட்டு மணி நேரமும் கையால்தான் பேசிக்கொள்வோம். எனக்கு அவன் கைகளை நன்றாகத் தெரியும். குரலைத் தேடினேன். "ஏலே, டீ குடிக்க வாறியா?" என்று சொல்லிப் பார்த்தேன். தர்மபுரிக்காரனான நான் திருநெல்வேலியைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

மகள், சரிதானா என்பதுபோல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அடிக்குரல்ல சொல்லுங்கண்ணே" என்றாள் அம்மா.

சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.